மண் கேட்ட மூன்று ஆண்டுகள்

பிள்ளைகளே,

சீமை உரம் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மன்னார்குடிக்குத் தெற்கே சின்னஞ்சிறு கிராமம். பதினைந்து மா நிலம். வண்டியிலிருந்து இறக்கிய மூட்டையை என் தகப்பனார் கொல்லையில் போடச் சொல்லவில்லை. நெல் இருக்கும் பத்தாயத்துக்குப் பக்கத்தில், கூடத்திலேயே வைக்கச் சொன்னார். உப்பைப் போல வெள்ளையாக இருந்ததை அள்ளிப் பார்த்தோம். வயலில் வீசிய சில நாட்களில் பயிர் கருகருவென்று பச்சை கட்டியது. அன்று பொழுது சாயும்வரை அவர் வரப்பில் நின்றுகொண்டே இருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

அந்த நிறைவை இன்றைக்கு யாராவது பழித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1965-லும் 1966-லும் நாட்டில் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையை எதிர்பார்த்துத் தேசம் உட்கார்ந்திருந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதே பெரிய பேச்சு. நெல் விளைகிற தஞ்சைச் சீமையிலேயே அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன. அந்த நேரத்தில்தான் 105 நாளில் அறுவடைக்கு வரும் ஆடுதுறை 27 வந்தது, பிறகு ஐ.ஆர்.8 வந்தது. பசியைக் கண்ணால் கண்ட ஒரு தலைமுறை, தன் பிள்ளைகள் பசிக்கக் கூடாது என்று எடுத்த முடிவு அது. பெரியவர்கள் செய்ததில் பிழை காணும் முன்பு, அவர்கள் எந்த நெருப்பில் நின்று அதைச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதை நான் பின்னாளில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். புதியது வந்தபோது பழையதை முழுவதும் கைவிட்டோம். கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அறுத்த வயலில் எருவுக்காகக் கிடை போட்டுவிட்டு, கூலியாக நெல் வாங்கிக்கொண்டு போவார்கள். மூட்டை உரம் வந்த பிறகு எங்கள் வீட்டில் கிடை கூப்பிடுவது நின்றது. எருக்குழி தூர்ந்தது. பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைப்பது நின்றது. மண்ணுக்கு எதுவும் போடாமல், அதன் தலைக்கு மேலே பயிருக்கு மட்டும் ஊட்டிவிட்டோம். ஒரு கை போட்ட இடத்தில் சில ஆண்டுகளில் ஒன்றரைக் கை வேண்டியிருந்தது. பிறகு இரண்டு கை. ஏறிய உரம் இறங்கவே இல்லை. பயிர் கொழுக்கக் கொழுக்கப் பூச்சியும் கொழுத்தது. பூச்சிக்கு மருந்து வந்தது. விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள்தாம்.

அந்த மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

எங்கள் வயலில் வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 1970-களின் இறுதியில் ஒரு தாளடிப் பருவத்தில் புகையான் பூச்சி விழுந்து, பயிர் வட்டம் வட்டமாகக் கருகியது. கடையில் கொடுத்த மருந்தை நான்தான் வாங்கி வந்தேன். அளவுக்கு மேல் ஊற்றச் சொன்னவனும் நான்தான். அண்ணன் வெறுங்கையால் கலக்கினார். தெளிப்பான் முனை அடைத்துக்கொண்டபோது வாயில் வைத்து ஊதினார். அந்த நாளில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். காற்று எதிரே வீசியது. பதினோரு மணிக்கு வரப்பில் சரிந்து விழுந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் இமையை விலக்கி, ஊசிமுனைபோல் சுருங்கியிருந்த கண்மணியைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டு, அட்ரோபின் ஊசி போட்டார். ஒரு ராத்திரி முழுக்க ஊசி மாற்றி ஊசி. பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை நடுக்கம் கடைசிவரை போகவில்லை. ஒரு மாதம் கழித்து வீட்டு வாசலுக்கு வந்தவர் முதலில் கேட்டது, "தம்பி, பயிர் தப்பிச்சிதா?"

தப்பவில்லை. ஏன் தப்பவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன். புகையானைத் தின்பது வயலில் இருக்கும் சிலந்தியும் சில வண்டுகளும். நாங்கள் அடித்த மருந்து முதலில் கொன்றது அவற்றைத்தான். காவல்காரன் செத்த வீட்டில் திருடன் குடியேறியதுபோல், தப்பிய புகையான் பல மடங்காகப் பெருகியது. இந்தோனேசியாவில் இதே கதை ஒரு தேசத்தின் அளவில் நடந்தது. 1986-இல் அந்த நாட்டு அரசு, நெல்லுக்கு அடித்துவந்த 57 வகைப் பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில் விலக்கி வைத்தது. அதனால் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

இயற்கை உணவின் நன்மை என்ன என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நடுங்கும் கைதான் முன்னால் வரும். உண்பவர் உடம்புக்கு வரும் நன்மையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். முதல் நன்மை உண்பவருக்கு உரியதே இல்லை. சேற்றில் நிற்பவருக்கு உரியது. உங்கள் தட்டுக்கு வரும்போது காய்கறியில் எஞ்சியிருப்பது மருந்தின் மிச்சம். அது கேரட்டோ கத்தரியோ, கழுவினால் கொஞ்சம் போகும், தோலைச் சீவினால் இன்னும் கொஞ்சம் போகும். தெளிப்பவர் மேல் விழுவது மிச்சமில்லை, முழுசு. கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்து, அந்த மலையடிவாரத்து மக்கள் பட்ட பாடு நாடறியும். உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது 2011-இல். அதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் படுக்கையிலேயே வளர்ந்துவிட்டார்கள்.

உண்மையை அறிந்த பிறகும் நான் உடனே மாறிவிடவில்லை. பழக்கம் என்பது பழைய கிணற்றின் பாசி. கால் வைத்தவனைத்தான் வழுக்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள், இயற்கை வேளாண்மையைப் பரப்பிவந்த நம்மாழ்வார் ஐயாவின் பேச்சைக் கேட்டேன். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த அரசு வேலையை 1969-இல் உதறியவர். வெண்தாடியும் மேல்சட்டையில்லாத உடம்புமாக, மரத்தடியில் எங்களோடு தரையில் உட்கார்ந்து பேசினார். அவர் சொன்னவற்றில் பாதி என் பாட்டனார் செய்தவை. படித்த ஒருவர் வந்து சொல்லித்தான் என் பாட்டனாரை நான் மதிக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு பாடம். 2013 டிசம்பர் 30 அன்று, டெல்டாவின் நிலத்தைக் காக்கும் போராட்டத்துக்காகப் பட்டுக்கோட்டைப் பக்கம் வந்திருந்த இடத்தில்தான் அவர் உயிர் பிரிந்தது.

அவர் பேச்சைக் கேட்ட பிறகு மூன்று மா நிலத்தை இயற்கைச் சாகுபடிக்கு ஒதுக்கினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவில்லை. என் மனைவி அப்போது சொன்ன சொல்தான் காரணம்: "விழுந்தாலும் எழுந்திரிக்கிற உயரத்திலேருந்து விழுங்க."

முதல் ஆண்டு விழுந்தோம். மாவுக்குப் பத்து மூட்டை கண்ட நிலத்தில் நான்கு மூட்டை. பயிர் வெளுத்து நின்றது. பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்க, எங்கள் வயல் காய்ச்சல்காரன் முகம்போல இருந்தது. வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போனார்கள். சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். வெளியூரில் வேலையில் இருந்த மகன், "ஓய்வு காலத்தில் இது எதற்கு?" என்று வருத்தப்பட்டான். என் மனைவி மட்டும் வாய் திறக்கவில்லை. களைக்கொல்லி இல்லாததால் களை மண்டியபோது, ஆள் கிடைக்காத நாட்களில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே இறங்கினாள். அவளுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது.

இரண்டாம் ஆண்டு, கோடை மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்தோம். 45 நாளில் பூவெடுக்கும் சமயம் மடக்கி உழுதோம். அதன் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். கேழ்வரகு மணியளவில் முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. யூரியாவில் இருக்கும் 46 சதவீத நைட்ரஜனும் அதே காற்றிலிருந்து எடுத்ததுதான். ஒன்றைப் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் தொழிற்சாலை செய்கிறது. மற்றொன்றை ஓசையில்லாமல் ஒரு வேர் செய்கிறது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் பஞ்சகவ்யம் ஊறவைத்தோம். வேப்பிலை, நொச்சி, ஆடாதொடை, எருக்கு ஆகியவற்றை இடித்துப் பூச்சிவிரட்டி செய்தோம். பூச்சிக்கொல்லி என்று சொல்லவில்லை, கவனியுங்கள், விரட்டிதான். வயலில் ஆங்காங்கே கவட்டைக் குச்சிகளை நட்டு வைத்தோம், பறவைகள் உட்கார. அந்த ஆண்டும் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு தடவை மருந்து அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று மனசு கேட்டது. மண்ணுக்குத் தெரியும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். அந்த ஆண்டு ஐந்து மூட்டை.

மூன்றாம் ஆண்டு நடவுக்குச் சேறு அடிக்கும்போது, உழவு ஓட்டின பையன் இறங்கி நின்று கூப்பிட்டான். மண் புரண்ட இடமெல்லாம் மண்புழு. அடுத்த வாரம், நாங்கள் வருஷக்கணக்காய்க் காணாத ரெட்டைவால் குருவி அந்தக் கவட்டைக் குச்சியில் உட்கார்ந்திருந்தது. ஐப்பசி மழையில் மடைவாயில் கெண்டைக் குஞ்சுகள் துள்ளின. சிறுவயதில் துண்டை விரித்து மீன் பிடித்த அதே மடை. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் வெகுநேரம் அங்கேயே நின்றோம், என் தகப்பனார் அன்று நின்றதுபோல. அந்த ஆண்டு எட்டு மூட்டை. பத்தை அது எட்டவில்லை. இன்றுவரை எட்டியதும் இல்லை. ஆனால் உரக்கடைக்குக் கொடுத்த பணம் கையில் நின்றது. கடன் இல்லாமல் களத்துமேட்டிலிருந்து வீட்டுக்கு வந்த எட்டு மூட்டை எனக்குப் பெரிது.

எழுபதாண்டுகளில் நான் கண்ட நன்மைகள் எவையும் கேட்டவுடன் வந்ததில்லை. தாங்கியவனுக்குத்தான் தரை இடம் கொடுத்தது.

மாநிலத்துக்கும் நாட்டுக்கும் இதுதான் கணக்கு. சிக்கிம் மாநிலம் 2003-இல் இயற்கை வேளாண்மைக்கு மாறுவதென்று தீர்மானித்தது. ஆண்டுக்கு ஆண்டு ரசாயன உரத்தைக் குறைத்து, உழவர்களைப் பழக்கி, 2016-இல்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டு உழைப்பு. இலங்கை 2021-இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடுத்தது. எருவும் தயாராக இல்லை, உழவரும் தயாராக இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. உழவர் பட்ட அடி மட்டும் விலகவில்லை. இயற்கை வேளாண்மையே தோற்றது என்று சிலர் இதைக் காட்டுகிறார்கள். தோற்றது அவசரம். பத்தியம் இருக்க வேண்டிய உடம்பைப் பட்டினி போட்டார்கள்.

இனி, உண்பதைப் பற்றிச் சொல்கிறேன். இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் கருங்குறுவையும் மாறி மாறி விளைகின்றன. தவிட்டோடு இருக்கும் அரிசி. மெல்ல வேண்டும், அவசரமாக விழுங்க முடியாது. தவிட்டில்தான் நார்ச்சத்தும் பி1 வைட்டமினும் இருக்கின்றன. வெள்ளைவெளேரென்று தீட்டிய அரிசியையே நம்பியிருந்த மக்களுக்குப் பெரிபெரி என்ற நோய் வந்தது வரலாறு. மாப்பிள்ளைச் சம்பாச் சோற்றில் நீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலை சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டால் நண்பகல்வரை பசி எட்டிப் பார்க்காது. இது நான் அனுபவித்துச் சொல்வது.

ஆனால் இதைச் சர்வரோக நிவாரணி என்று விற்பவர்களை நம்பாதீர்கள். என் உறவினர் ஒருவர் சர்க்கரை நோய்க்காரர். கருப்பு அரிசி சாப்பிட்டால் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினார். ஆறு மாதத்தில் காலில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்; இரண்டு விரல்கள் போயின. எந்த நெல்லானாலும் அரிசியில் மாவுச்சத்து உண்டு. அளவு மீறினால் அதுவும் சர்க்கரையைக் கூட்டும். ஆயுளுக்கும் இது உத்தரவாதம் இல்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கு மேற்பட்ட மரபு நெல் வகைகளை மீட்ட நெல் ஜெயராமன் புற்றுநோயால் 2018 டிசம்பரில் இறந்தார். தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் அம்மையார் நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். இருவரும் நஞ்சில்லாமல் விளைவித்தவர்கள். ஆயுளை நாம் தீர்மானிப்பதில்லை. உண்ணும் சோற்றில் தெரிந்தே விஷத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும்தான் நாம் தீர்மானிக்கிறோம். அந்த அளவு போதும் என்பது என் எண்ணம்.

விளைவித்த பிறகு ஒரு சோதனை வந்தது. நகரத்து வியாபாரி ஒருவர் எங்கள் அரிசிக்கு நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வாங்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, "அய்யா, இன்னும் இருபது மூட்டை வேணும். வெளியில வாங்கிக் கலந்துடலாம், உங்க பேரு போதும்" என்றார். அந்த ஆண்டு பேத்தியின் காதணி விழாவுக்குப் பணம் தேவையாக இருந்தது. முடியாது என்றேன். அவர் அதோடு வருவதை நிறுத்திவிட்டார். எங்கள் நெல் மூன்று மாதம் பத்தாயத்தில் கிடந்தது. பிறகு வேறு வீடுகள் தேடி வந்தன. ஒன்றிரண்டு வீடுகள் இன்றும் வாங்குகின்றன. கடைக்குப் போகிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது: இயற்கை விளைபொருள் என்று அட்டையில் அச்சடிப்பது எளிது. சான்றிதழ் முறையில் நெல் போன்ற பருவப் பயிருக்கே இரண்டு ஆண்டு மாறுதல் காலம் உண்டு. சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று சொல்லும் பி.ஜி.எஸ். முறையும் நம் நாட்டில் நடக்கிறது. இவற்றைக் கேளுங்கள். இதற்கெல்லாம் மேலாக, முடிந்தால் ஒரு நாள் அந்த வயலுக்கே போய்வாருங்கள். வயலைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். வயலைக் காட்டியவரிடம் கிலோவுக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசாதீர்கள். அவர் முதல் ஆண்டில் இழந்த ஆறு மூட்டையை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

நிலம் இல்லையே என்பீர்கள். சென்னையில் என் பேத்தி மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள். பத்துத் தொட்டிகள் வைத்திருக்கிறாள்; வெண்டை, கத்தரி, தக்காளி, ஒரு கறிவேப்பிலை. சமையலறைத் தோல்களை மக்கவைத்து உரமாக்குகிறாள். முதல் வருஷம் மாவுப்பூச்சி வந்து பாதிச் செடி போயிற்று. போனில் அழுதாள். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடை, வேப்பெண்ணெய் தெளி, பொறு என்றேன். அடுத்த வருஷம் காய்த்த முதல் வெண்டைக்காயைப் படம் பிடித்து அனுப்பினாள். அவள் வீட்டுக் குழந்தை இப்போது தட்டில் காயை ஒதுக்குவதில்லை. ஒரு வெண்டைக்காய் காய்க்க நாற்பத்தைந்து நாள் ஆகும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். காத்திருந்து பெற்ற சோற்றை யாரும் கொட்ட மாட்டார்கள்.

அண்ணன் இப்போது இல்லை. அவருடைய மகன் எங்கள் நிலத்தில் ஐந்து மாவைத் தன் பொறுப்பில், மருந்தில்லாமல் சாகுபடி செய்கிறான். அவன் வயலில் இறங்கும்போது அவன் பிள்ளைகளும் கூடவே இறங்கி நண்டு பிடிக்கிறார்கள். யாரும் அவர்களை எட்டப் போகச் சொல்வதில்லை.

நெல் ஜெயராமன் தம் திருவிழாவில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வருபவருக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுப்பார். மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். எங்கள் பத்தாயத்திலும் தூயமல்லி விதை இருக்கிறது. நிலமுள்ள பிள்ளைகள் ஆடி மாதத்துக்குள் வந்து இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போங்கள். அடுத்த தைக்கு நான்கு கிலோ கொண்டு வாருங்கள்.